உளநோயும் உதவி நாடும் காலமும்

உடலில் நோய் தோன்றியவிடத்து வைத்தியரை நாடுதல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் இரத்தத்தைப் பரிசோதிப்பிக்கின்றோம். எலும்பு முறிந்தால் அன்றே வைத்தியசாலைக்கு விரைகின்றோம். ஆனால் உள்ளத்தில் நோய் தோன்றியவிடத்து எப்பொழுது உதவி நாடுவது, எவரிடம் நாடுவது என்னும் வினாவுக்குக் கற்றோரிடத்தும் தெளிவான விடை காண்டல் அரிதாயுள்ளது. விடை தெரியாமையால் மாதங்கள் கழிகின்றன. சில குடும்பங்களில் ஆண்டுகளும் கழிகின்றன. எளிதிற் குணமாகக்கூடிய நோய் அதற்குள் வேரூன்றிவிடுகின்றது. உளநோய்களின் வகைகளையெல்லாம் விரித்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்நிலையில் ஒருவர் தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ உதவி நாடவேண்டும் என்னும் அவ்வொன்றையே ஈண்டு ஆராய்வோம்.

உளநோய் அரிதாக எங்கோ சிலருக்கு வருவது என்னும் எண்ணம் முதற்கண் களையப்படல் வேண்டும். 1948 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, சுகாதாரம் என்பது நோயின்மை மாத்திரமன்று, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் ஒருங்கே நலமுற்றிருக்கும் நிலையே என வரையறுத்தது. அந்நிறுவனத்தின் கணிப்பின்படி, 2019 ஆம் ஆண்டில் உலகில் எட்டுப் பேருக்கு ஒருவர், அதாவது ஏறத்தாழ 97 கோடி மக்கள், ஏதேனுமோர் உளநோயுடன் வாழ்ந்தனர். வாழ்நாளில் தோன்றும் உளநோய்களுள் ஏறத்தாழப் பாதி 14 வயதளவிலும், முக்காற்பங்கு 24 வயதளவிலும் தொடங்கிவிடுகின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே இது முதியோர்க்கும் வறியோர்க்கும் உரிய பொருளன்று. கல்லூரி வகுப்பறையில் அமர்ந்திருப்போர்க்கே முதன்மையாக உரியது.

நமது நாட்டில் இவ்வினாவுக்குத் தனியானதோர் அவசரமும் உண்டு. முப்பது ஆண்டுகள் நீடித்த போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. இடையே 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் கரையோர ஊர்களை அழித்தது. போர் ஓய்ந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடுவீடாக நடத்தப்பெற்ற ஆய்வொன்று, வினவப்பட்டோருள் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும், 7 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவின் அறிகுறிகளையும் கண்டது. இவ்வெண்கள் 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. போரின் உளத்தாக்கங்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிய ஆங்கில நூல் 1998 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. நாம் அறியாதிருந்தோம் என்று சொல்லுதற்கு இனி இடமில்லை.

இனி வினாவுக்கு வருவோம். துயரம் நோயன்று. அன்புடையாரை இழந்தவர் அழுவதும், பரீட்சையிற் தவறிய மாணவன் சில நாள் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதும், மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய் உறக்கமின்றிப் புரளுவதும் உள்ளம் நலமாக இயங்குவதற்கே சான்றுகளாம். இவற்றையெல்லாம் நோயென்று பெயரிட்டு மருந்து தேடுதல் பொருந்தாது. துயரத்துக்குரிய காலத்தையும் கடமையையும் நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணச் சைவர் வழக்கில் எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஓராண்டு முடிவில் ஆட்டைத் திவசம் என இழவு படிப்படியாக இறக்கிவைக்கப்படுகின்றது. சுற்றத்தார் கூடியிருந்து அழவும், பின்னர் உண்ணவும், பின்னர் தொழிலுக்குத் திரும்பவும் அவ்வழக்கம் வழிசெய்கின்றது. துயரம் மெல்ல மெல்லத் தணிதல் இயல்பு என்பதும், தணியாதவிடத்துக் கவனம் வேண்டும் என்பதும் அவ்வமைப்பினுள் அடங்கியுள்ளன.

அவ்வாறாயின் இயல்பான துயரத்தையும் நோயையும் பிரித்தறிதற்கு அளவுகோல் யாது? வைத்தியர் கையாளும் அளவைகளை நான்காகத் தொகுத்துக் கூறலாம். அவை காலம், கடுமை, கருமம், மாற்றம் என்பன.

காலம் என்பது ஒரு நிலை எத்துணை நாள் நீடிக்கின்றது என்பது. ஒருநாட் சோர்வு யார்க்கும் உண்டு. மனம் வாடிய நிலை பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு கிழமைகளுக்கு மேலாக நீடிக்குமாயின் அதனைக் கவனித்தல் வேண்டும். கடுமை என்பது அத்துன்பம் எத்துணை ஆழமானது, நல்ல செய்தி கேட்டும் சிறிதேனும் தளர்கின்றதா என்பது. இயல்பான துயரத்தில் இருப்பவர் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்டுச் சிறிது சிரிப்பார். நோயுற்றவர்க்கு அச்சிரிப்பும் எட்டாது. கருமம் என்பது அன்றாட வாழ்க்கைத் தொழில்கள் நடைபெறுகின்றனவா என்பது. உண்டல், உறங்கல், நீராடல், சமைத்தல், படித்தல், தோட்டத்துக்கோ அலுவலகத்துக்கோ செல்லல் என்பவை தடைப்படுமாயின், துன்பம் தன் எல்லையைக் கடந்துவிட்டது எனக் கொள்ளலாம். மாற்றம் என்பது ஒருவர் தம்முடைய பழைய இயல்பினின்று வேறுபட்டுவிட்டாரா என்பது. இயல்பாகவே அமைதியானவர் பேசாதிருத்தல் நோயன்று. கலகலப்பானவர் பேசாதாதலே கவனித்தற்குரியது. ஆதலால் ஒருவரைப் பிறரோடு ஒப்பிடாது, அவரது முன்னைய நிலையோடு ஒப்பிட்டே நோக்குதல் வேண்டும்.

இந்நான்கினுள் ஒன்று மாத்திரம் தோன்றின் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டோ மூன்றோ ஒருங்கே தோன்றின் காலந் தாழ்த்தல் தகாது. இவ்விடத்து ஒரு விதிவிலக்கையும் கூறுதல் வேண்டும். போரிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்க்குக் காலம் என்னும் அளவை பொருந்துவதில்லை. உடலைக் காணாதவர் கிரியை செய்யார். கிரியை செய்யாதவர்க்கு இழவு முடிவதில்லை. மகன் வருவான் என்று வாயிலை நோக்கியிருக்கும் தாயை, ஆண்டுகள் கழிந்தும் துயரம் தீரவில்லையே என்று குறைகூறுதல் அறியாமையும் கொடுமையுமாம். அவர்கள் திறத்தில் கருமம் என்னும் அளவையே பயன்படும். நம்பிக்கையோடு காத்திருப்பது ஒன்று; உண்ணாது உறங்காது எஞ்சிய பிள்ளைகளையும் நோக்காது கிடப்பது வேறொன்று. பின்னையதற்கு உதவி தேவை. உதவி பெறுதல் காணாமற் போனவரை மறத்தலாகாது.

இவ்வளவைகள் தனித்தனி நோய்களில் எவ்வாறு பொருந்துகின்றன எனச் சிறிது நோக்குவோம்.

மனச்சோர்வு நோயில் வைத்தியர் ஒன்பது குறிகளைத் தேடுவர். அவையாவன: வாடிய மனநிலை, முன்னர் விரும்பியவற்றிலும் விருப்பமின்மை, உணவிலோ உடல் நிறையிலோ வேறுபாடு, உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், நடையும் பேச்சும் மந்தமாதல் அல்லது அமைதியின்றி அலைதல், களைப்பு, தான் பயனற்றவன், குற்றமுடையவன் என்னும் எண்ணம், கவனத்தை நிறுத்தவும் முடிவெடுக்கவும் இயலாமை, சாவைப் பற்றிய நினைவு. முதலிரண்டினுள் ஒன்றேனும் இருக்க, மொத்தத்தில் ஐந்து குறிகள் இரண்டு கிழமைகள் நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின் அது நோயெனக் கொள்ளப்படும். துயரத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டுச் சிக்மண்ட் பிராய்ட் எழுதிய கட்டுரை 1917 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இழப்பால் வருந்துவோர் தம்மை இகழ்வதில்லை, நோயுற்றோரே தம்மைத் தாமே ஓயாது பழித்துக்கொள்வர் என்பது அவர் சுட்டிய முக்கிய வேறுபாடாம். பிராய்டின் கொள்கைகள் பல இன்று மறுக்கப்பட்டபோதிலும் இந்நுண்ணிய அவதானம் இன்றும் பயன்படுகின்றது. பிள்ளை பெற்ற தாய்மாரிடத்தும் இந்நோய் தோன்றுவதுண்டு. பேற்றின்பின் சில நாள் கண்கலங்குதல் பொதுவியல்பு; அது இரண்டு கிழமைகளுக்கு மேல் நீண்டால் தாயின் நலத்தையும் குழந்தையின் நலத்தையும் கருதி உடனே உதவி நாடல் வேண்டும்.

நம்மவரிடையே இந்நோய் தன் பெயரை மறைத்துக்கொண்டு வருவது வழக்கம். "மனம் சோர்ந்துவிட்டது" என்று கூறுவோர் சிலரே. "ஒரே யோசினையாய்க் கிடக்கு", "நெஞ்சு படபடக்குது", "தலை விறைக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்பனவே பெரும்பாலும் நாம் கேட்கும் சொற்கள். யாழ்ப்பாணத்தார் வழக்கில் யோசனை என்பது சிந்தனையை மாத்திரமன்றி, விடாது அரிக்கும் கவலையையும் குறிக்கும். ஆதலின் பரிசோதனைகள் பல செய்தும் காரணம் புலப்படாத வலியோ எரிவோ களைப்போ தொடருமாயின், அதன் வேர் உள்ளத்தில் உண்டோ என்று வைத்தியரிடமே வினவலாம். வலி பொய்யென்பது இதன் பொருளன்று. வலி மெய்யே, அதன் ஊற்றுக்கண் வேறிடத்தில் இருக்கக்கூடும் என்பதே பொருள். இதன் மறுதலையும் உண்மை. தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு போன்ற தோற்றங்களைத் தரும். இதனாலும் தாமே முடிவுசெய்யாது வைத்தியரைக் காணல் நன்று.

பதகளிப்பு நோயிலே அச்சம் காரணத்துக்கு மிஞ்சி நிற்கும். பரீட்சைக்கு முன் நெஞ்சிடித்தல் இயல்பு. அது படிப்பைத் தூண்டுவதாயின் நன்மையுமாம். அச்சத்தினாலேயே பரீட்சை மண்டபத்துக்குள் நுழைய இயலாது திரும்புதல், மூச்சடைத்துச் சாவு நெருங்கியதாக எண்ணும் திடீர்க் கிலி அடிக்கடி தோன்றுதல், கதவைப் பூட்டினேனா என்று முப்பது முறை சென்று பார்த்தல் என்பன உதவி நாடற்குரியவை. இவற்றால் ஒருவர் செல்லும் இடங்களும் செய்யும் செயல்களும் நாளுக்குநாள் சுருங்கி வருகின்றனவா என்பதை நோக்குதல் வேண்டும். குண்டு வீழ்ந்த நாள்களின் காட்சிகள் கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் எழுந்து, சிறு ஓசைக்கும் உடல் துணுக்குறுதல் மனவடுவின் குறியாம். அது பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் மருத்துவத்துக்கு இணங்குவது.

உளமாய நோய்கள் எனப்படுபவை வேறு வகையின. பிறர் கேளாத குரல் கேட்டல், அயலார் தம்மைக் கண்காணிக்கின்றனர் அல்லது நஞ்சூட்ட முயல்கின்றனர் என உறுதியாக நம்பல், பேச்சில் தொடர்பு அறுதல் என்பன அவற்றின் குறிகள். உளப்பிளவை நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகின்றது. வெளிப்படையான குறிகளுக்கு முன்பே, கெட்டிக்கார மாணவனொருவன் அறைக்குள் முடங்குதல், நண்பரை விலக்குதல், உடற்றூய்மை பேணாமை, படிப்பில் திடீரெனச் சரிதல் முதலிய மாற்றங்கள் தோன்றலாம். இன்னொரு சாரார் உறக்கமே தேவையின்றிப் பல நாள் விழித்திருந்து, பெருந்திட்டங்கள் பேசி, கைப்பொருளை வாரி இறைப்பர். இது மனச்சோர்வின் மறுபக்கமாய் வரும் மனவெழுச்சி நோயாதல் கூடும். இவற்றுக்கு இரண்டு கிழமை காத்திருத்தல் என்னும் விதியில்லை. மருத்துவம் தொடங்குமுன் கழியும் காலம் நீள நீளக் குணமடைதலும் கடினமாகின்றது என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை.

மதுவைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். உறங்குவதற்காகவும் நினைவுகளை அடக்குவதற்காகவும் குடிப்பவர் உண்மையில் தமக்குத் தாமே மருந்திடுகின்றனர். அம்மருந்தோ நோயை வளர்ப்பது. குடி மிகுந்தமைக்குக் காரணம் தீயொழுக்கம் என்று மாத்திரம் கருதாது, அதன் அடியில் சோர்வோ அச்சமோ உண்டோ என்று நோக்குதல் குடும்பத்தார் கடன்.

இனி, எவ்வளவையும் பார்த்து நில்லாது அன்றே உதவி நாடவேண்டிய நிலை ஒன்றுண்டு. வாழ்வதிற் பயனில்லை, நான் இல்லாதிருந்தால் எல்லோர்க்கும் நலம் என்பன போன்ற சொற்கள் வெளிப்படுதல், அருமையான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்து விடைபெறுதல், நெடுநாட் கலங்கியவர் காரணமின்றித் திடீரென அமைதியுறுதல் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைப் பற்றி நேரே வினவினால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சம் தவறானது. "உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டோ?" என்று பரிவுடன் கேட்பது அவ்வெண்ணத்தை உண்டாக்காது; தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைக்கவே வாய்ப்பளிக்கும்.

இத்துறையில் இலங்கையின் வரலாறு உலகுக்கே ஒரு பாடமாயிற்று. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. 1984 இல் பரதையோன் போன்ற சிலவும், 1995 இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த ஏனைய கிருமிநாசினிகளும், 1998 இல் எண்டோசல்பானும், 2008 தொடக்கம் 2011 வரையில் பரகுவாற்று முதலியனவும் விலக்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 வீதம் வீழ்ந்தது. மக்களின் துன்பங்கள் அக்காலத்தில் ஒழிந்துவிடவில்லை. போரும் கடல்கோளும் நிகழ்ந்த காலம் அது. கொடிய நஞ்சு கைக்கெட்டாது போயிற்று. இதனால் அறியப்படுவது யாது? சாகவேண்டும் என்னும் வேகம் பெரும்பாலும் சிறு பொழுதுக்குரியது. அப்பொழுதைக் கடத்திவிட்டால் உயிர் பிழைக்கும். ஆகவே வீட்டில் ஒருவர் அந்நிலையில் இருப்பாராயின் தோட்டத்துக் கிருமிநாசினியையும் சேர்த்துவைத்த மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாது, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். பொலிசாருக்கு அஞ்சி மறைத்தலும் வேண்டா. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் இலங்கையில் 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவும் அறிந்தபின்னும் இடர்ப்பாடு ஒன்று எஞ்சுகின்றது. அதுவே இப்பொருளின் உயிர்நிலை. கால் முறிந்தவன் முறிவைக் கண்ணால் காண்கின்றான். காணும் கண் முறியவில்லை. உள்ளம் நோயுற்றவனோ தன் நோயை அளத்தற்கு அந்நோயுற்ற உள்ளத்தையே கருவியாகக் கொள்ளவேண்டியவனாகின்றான். மனச்சோர்வுற்றவன் தனக்கு எவ்வுதவியும் பயன்படாது என்றே தீர்மானிப்பான். அத்தீர்மானம் நோயின் குறிகளுள் ஒன்று என்பது அவனுக்குத் தோன்றாது. பதகளிப்புற்றவன் வைத்தியரைக் காணவே அஞ்சுவான். உளமாய நோயுற்றவன் நோய் தனக்கன்று, உலகத்துக்கே என்பான். எனவே உதவி தேவை என்று தானே முழுமையாக உணர்ந்த பின்னரே செல்லவேண்டும் என்று காத்திருத்தல் தவறு. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, ஐயம் எழும்போதே செல்லுதல். ஐயம் பொய்யாயின் ஒரு காலைப்பொழுதே நட்டம். மெய்யாயின் பல ஆண்டுகள் மிச்சம். மற்றொன்று, தம்மை நேசிக்கும் ஒருவரின் கண்ணைத் தம் கண்ணாகக் கொள்ளுதல். "நீ முன்போலில்லை" என்று தாயோ, தமையனோ, ஆசிரியரோ கூறுவாராயின், அதனைச் சினவாது ஏற்று ஆராய்தல் அறிவுடைமை.

அவ்வாறு கூறுவார்க்கும் ஒரு முறையுண்டு. "எல்லாம் உன் மனப்பிரமை", "துணிவாயிரு", "உன்னைவிடத் துன்பப்பட்டவர் இல்லையா?" என்னும் சொற்கள் புண்ணிற் கோலிடுவன. கண்டதைக் கண்டவாறு உரைத்தலே நன்று: "தம்பி, இரண்டு கிழமையாய் நீ சரியாய்ச் சாப்பிடவில்லை, இரவில் விளக்கெரிகின்றது, வா, நானும் கூட வருகிறேன்" என்றால் அது குற்றச்சாட்டாகாது, துணையாகும்.

உதவி நாடாமைக்கு வெட்கமே பெருந்தடை. கொழும்பையடுத்த அங்கொடையில் 1926 ஆம் ஆண்டில் மனநோய் வைத்தியசாலை அமைந்தது. நாளடைவில் அவ்வூர்ப் பெயரே வசைச்சொல்லாயிற்று. யாழ்ப்பாணத்திலோ "விசர்" என்னும் ஒரு சொல் எல்லா உளநோய்களையும் ஒன்றாய்க் கட்டி இகழ்ச்சிக்கு உள்ளாக்கியது. ஒருவர்க்கு நோயென்று தெரிந்தால் அவர் தங்கைக்கும் மணம் பொருந்தாது என்னும் அச்சம் பல வீடுகளின் கதவைச் சாத்தியது. காலம் மாறிவிட்டது என்பதை இத்தகையோர் அறிதல் வேண்டும். அங்கொடை வைத்தியசாலை இன்று தேசிய உளநல நிறுவனமாய் விளங்குகின்றது. 2005 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட உளநலக் கொள்கை, சிகிச்சையை ஒரு பெரிய கட்டடத்தினுள் அடைத்துவைக்காது மாவட்டந்தோறும் பரப்புதலை நோக்காகக் கொண்டது.

இன்னொரு தடை, நோயைச் செய்வினை என்றும் பேய்க்குற்றம் என்றும் கருதுதல். கோயில் வழிபாடும் நேர்த்தியும் உள்ளத்துக்கு ஆறுதலும் ஒழுங்கும் தருவன என்பதில் ஐயமில்லை. திருநீறு பூசிக்கொண்டே மருந்தும் உண்ணலாம், இரண்டுக்கும் பகையில்லை. திருக்குறளின் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என்னும் நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாகவே கொள்கின்றது. வைத்தியத்தை விலக்கி மந்திரத்தை மாத்திரம் நம்புதலே தீது. தமிழ்நாட்டில் ஏர்வாடியில், சமயத்தலத்தையடுத்து நடாத்தப்பட்ட மனநோயாளர் விடுதியொன்றில் 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். நோயாளரை மருத்துவத்துக்குப் புறத்தே விடுதல் எவ்வளவு கொடிய முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உதவி என்பது யாது என அறியாமையும் அச்சத்தை வளர்க்கின்றது. 1949 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய வைத்தியரான யோன் கேட் இலித்திய உப்பு மனவெழுச்சியைத் தணிப்பதைக் கண்டறிந்தார். 1952 இல் பாரிசில் குளோர்புரோமசின் உளமாய நோய்க்குப் பயன்பட்டது. 1957 இல் சுவிற்சர்லாந்தின் உரோலண்ட் கூன் இமிப்பிரமின் மனச்சோர்வைத் தீர்ப்பதை அறிவித்தார். அதற்கு முன்பே, 1931 ஆம் ஆண்டில், இந்திய வைத்தியர் கணநாத சென், கார்த்திக் போஸ் ஆகிய இருவரும் நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவின் குணத்தை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டிருந்தனர். அன்று தொட்டு மருந்துகள் பெருகியும் திருந்தியும் வந்துள்ளன. மருந்தின்றிப் பேச்சின் வாயிலாகவே எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் முறைகளும் வளர்ந்துள்ளன. நம்மவர் அதற்கு உளவளத்துணை என்னும் அழகிய பெயரிட்டுள்ளனர்.

முதன்முறை வைத்தியரிடம் செல்பவர்க்கு நிகழ்வது பெரும்பாலும் உரையாடலே. உறக்கம், உணவு, தொழில், குடும்பம், நினைவுகள் என்பன பற்றி அவர் வினவுவார்; வேண்டுமாயின் இரத்தத்தைப் பரிசோதிப்பிப்பார். எல்லோர்க்கும் மருந்து கொடுக்கப்படுவதில்லை. வைத்தியசாலையில் தங்கவேண்டியவர் சிலரே. மனச்சோர்வுக்கான மருந்து அன்றே பலனளிக்காது. சில கிழமைகள் செல்லும். அதனை அறியாது பத்தாம் நாளில் நிறுத்துவோரும், குணங் கண்டவுடன் தாமே நிறுத்துவோரும் மீண்டும் நோயுறுகின்றனர். அம்மருந்துகள் மதுவைப்போல அடிமைப்படுத்துவனவல்ல. எனினும் வைத்தியர் சொற்படியே மெல்லக் குறைத்து நிறுத்தல் வேண்டும். உறக்க மாத்திரைகள் வேறு. அவை பழக்கமாகக் கூடியவை. ஆதலின் பிறர் தந்த மாத்திரையை ஒருவர் உண்ணல் கூடாது.

எவரிடம் செல்வது என்பது இறுதி வினா. குடும்ப வைத்தியரே முதற்படியாதல் போதும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள. ஏனைய பல வைத்தியசாலைகளில் உளநல வைத்திய அதிகாரிகள் சிகிச்சை நிலையங்களை நடாத்துகின்றனர். யாழ்ப்பாணத்துச் சாந்திகம் உளவளத்துணைக்குப் பெயர்பெற்றது. 1974 ஆம் ஆண்டில் தோன்றிய சுமித்திரயோ உயிரை வெறுத்தோர்க்குச் செவிகொடுக்கின்றது. தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையை எந்நேரமும் அழைக்கலாம். அதன் இலக்கம், அங்கொடை வைத்தியசாலை எழுந்த ஆண்டின் எண்ணாகிய 1926 என்பதே. நினைவிற் கொள்ளுதற்கு எளிது.

மாணவர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுதல் தகும். உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு ஒருவரின் வாழ்வை முழுதும் அளக்கும் கோல் என்று நம் சமூகம் எண்ணிப் பழகிவிட்டது. இரவு பகலாய்ப் படித்தும் மனதில் நில்லாமை, புத்தகத்தை விரித்தவுடன் கண்ணீர் வருதல், காரணமின்றி வகுப்பைத் தவிர்த்தல் என்பவற்றைச் சோம்பல் என்று ஆசிரியரும் பெற்றோரும் கடிந்துவிடுகின்றனர். சோம்பேறி தன் நிலைக்கு வருந்துவதில்லை. நோயுற்ற மாணவனோ இயலாமையை எண்ணி எண்ணி நைகின்றான். இவ்வேறுபாட்டைக் கண்டறிந்து, நம்பத்தகுந்த ஆசிரியர் ஒருவரிடம் அவன் வாய்திறத்தற்கு வழிசெய்தல் கல்லூரியின் கடமைகளுள் ஒன்றாம். உடன் பயிலும் நண்பனே பெரும்பாலும் முதலில் அறிபவன். நண்பன் உயிருக்கு ஆபத்து உண்டாயின், யாருக்கும் சொல்லேன் என்று கொடுத்த வாக்கையும் மீறிப் பெரியோர்க்கு அறிவித்தல் நட்புக்கு இழுக்கன்று.

தொகுத்துரைப்பின், இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் துன்பம், எதனாலும் தளராத துன்பம், அன்றாடக் கருமங்களைக் குலைக்கும் துன்பம், ஒருவரை அவரல்லாதவராக ஆக்கும் துன்பம் ஆகிய இவை உதவி நாடுதற்குரியன. குரல் கேட்டலும் சாவெண்ணமும் அன்றே நாடுதற்குரியன. ஐயமுற்றவிடத்து நாடுதலே பிழையற்ற வழி. உதவி நாடியவர் வலியற்றவர் என்னும் பழமொழி நம்மிடையே இல்லை; ஊர் கூடித் தேரிழுத்தவர் நாம். ஒருவரால் இழுக்கவியலாத பாரத்துக்குப் பலரை அழைத்தல் நமக்குப் புதிதன்று.